கால ஊணலாமா கூடாதா: பென்னாகரம் பக்கத்துல ஒரு இடுப்பு மூட்டு ஆபரேஷன் கேஸ், முழுசா

நான் தர்மபுரி மாவட்டத்துல வீடு வீடா போய் பாக்குற பிசியோதெரபிஸ்ட். இடுப்பு மூட்டு மாத்துன ஆளுங்கள நெறைய பாக்குறேன், அதுல இந்த ஒரு கேஸ மட்டும் முழுசா எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, ஏன்னா "ஆறு வாரம் கால் ஊணக்கூடாது"னு சொல்லி அனுப்புனா வீட்டுல உண்மையில என்னென்ன நடக்குதுன்றது இதுல மொத்தமா இருக்கு. அவங்க குடும்பத்துகிட்ட கேட்டுட்டு தான் எழுதுறேன், ஆள் யாருன்னு தெரியாம இருக்க சின்ன சின்ன விஷயங்கள மாத்தியிருக்கேன்.

பேஷன்ட் 61 வயசு அம்மா, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். எடை 54 கிலோ. சுகர் இல்ல, பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திர. ரெண்டு கறவ மாடு, கொஞ்சம் மானாவாரி நெலம், மழ பேஞ்சா கேவுரு, புளி சீசன் வந்தா மூட்ட மூட்டயா வாங்கிப்போட்டு ஓடு தட்டி கொட்ட எடுக்குற வேல. அதாவது காலைல பால் கறக்க குத்துக்கால் போட்டு உக்காருறதுல ஆரம்பிச்சு ராத்திரி சாப்பிடுற வரைக்கும் வாழ்க்கையே தரையில தான். மாட்டு கொட்டாயில சாணி வழுக்கி எடது பக்கமா விழுந்ததுல தொட எலும்போட கழுத்து ஒடஞ்சு நவுந்துடுச்சு. அந்த கழுத்துக்கு மேல பந்து மாதிரி உருண்டையா இருக்குற எலும்பு தான் இடுப்பு கிண்ணத்துக்குள்ள உக்காந்து மூட்டா சுத்துது, அந்த பந்துக்கு போற ரத்தம் பெரும்பாலும் கழுத்த ஒட்டி தான் போகுது, முறிவு நவுந்துட்டா அந்த ரத்தக்கொழாயும் கெட்டுப்போக நெறைய வாய்ப்பு இருக்கு, அதனால இந்த வயசுல ஸ்க்ரூ போட்டு காத்திருக்குறத விட மூட்ட மாத்திடுறது தான் நல்லதுன்னு டாக்டருங்க முடிவு பண்ணியிருக்காங்க. காப்பீடு அட்டைல ஆபரேஷன் நடந்துச்சு, சிமென்ட் வெக்காத வகை மூட்டு, பின்பக்கமா தொறந்து செஞ்சது.

இங்க தான் விஷயம். சிமென்ட் வெச்சு பொருத்துற மூட்டு ஆபரேஷன் டேபிள்லயே சில நிமிஷத்துல இறுகிடும், மறுநாளே முழு எடையும் வெச்சு நடக்க விடுவாங்க. சிமென்ட் இல்லாத மூட்டுக்கு தண்ட, அதாவது செயற்கை பந்த தாங்குற உலோக தண்ட, தொட எலும்புக்குள்ள இறுக்கமா அடிச்சு எறக்குவாங்க, அப்புறம் வாரக்கணக்குல நம்ம எலும்பே வளந்து அத புடிச்சுக்கணும். நெறைய பேருக்கு இதுலயும் வலி தாங்குற அளவுக்கு உடனே நடக்க விட்டுடுறாங்க, எடை கட்டுப்பாடே கெடையாது. இவங்களுக்கு தண்ட எறக்குறப்ப தொட எலும்போட மேல்பக்க உள் ஓரத்துல விரிசல் விட்டுடுச்சு. டாக்டர் டேபிள்லயே பாத்து ரெண்டு கம்பி சுத்தி கட்டி சரிபண்ணிட்டார். இது இந்த வகை ஆபரேஷன்ல தெரிஞ்ச ஒரு சிக்கல், அப்பவே கண்டுபுடிச்சு கட்டிட்டா பெரும்பாலும் நல்லா சேந்துடும். அதனால தான் டிஸ்சார்ஜ் சம்மரில ஆறு வாரத்துக்கு கால லேசா தரையில தொட்டு மட்டும் நடக்கணும்னு போட்டிருந்துச்சு.

ஆபரேஷன் குறிப்புல எலும்பு ரொம்ப கெட்டியாவும் நொறுங்குற மாதிரியும் இருந்துச்சுன்னு ஒரு வரி. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்றது கணக்கு, அத தாண்டுன தண்ணிய சின்ன வயசுல இருந்து குடிச்சவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க, பல்லுல மஞ்ச கறைய பாத்தாலே தெரியும். 2013ல ஒகேனக்கல் கூட்டு குடிநீர் திட்டம் வந்த காரணமே இது தான். ஆனா இப்ப அறுவது வயசு ஆகுறவங்க எலும்பு அதுக்கு முன்னாடி குடிச்ச தண்ணில உருவானது. ஃப்ளோரைடு ஏறுன எலும்பு எக்ஸ்ரேல வெள்ளையா கெட்டியா, பலமா இருக்குற மாதிரி தெரியும், உள்ளுக்குள்ள நொறுங்குற தன்ம தான் ஜாஸ்தி. இந்த அம்மாவுக்கு விரிசல் அதனால தான் வந்துச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், பெண், வயசு, சிமென்ட் இல்லாத மூட்டு, இது ஒவ்வொண்ணுமே விரிசல் வாய்ப்ப கூட்டுற விஷயம் தான். ஆனா இந்த மாவட்டத்துல இடுப்பு ஆபரேஷனுக்கு போறவங்க, எந்த ஊரு தண்ணி குடிச்சு வளந்தோம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, கேக்கலன்னாலும் சொல்லுங்க.

நான் வீட்டுக்கு போனப்ப

முதல் தடவ போனப்ப வாக்கர புடிச்சுக்கினு அந்த அம்மா எனக்கு நடந்து காட்டுனாங்க. எடது முட்டிய மடக்கி பாதத்த பின்னாடி தூக்கிக்கினு, வலது கால்ல மட்டும் தொபுக்கு தொபுக்குனு குதிச்சு குதிச்சு வந்தாங்க. "பாரு கண்ணு, ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள்ல இருந்து ஒரு வாட்டி கூட கீழ வெக்கல"னாங்க, பக்கத்துல மகனும் ஆமான்னு தலையாட்டுறார். கண்ணும் கருத்துமா அப்படி பாத்துக்கிட்டிருந்தாங்க, அதுல எந்த கொறையும் இல்ல. ஆனா இது தான் நான் அதிகமா பாக்குற விஷயம், கால தரையிலயே வெக்காம அந்தரத்துல தூக்கி வெச்சிருந்தா மூட்டுக்கு பாரமே இல்லன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. உண்மை வேற.

ஒரு காலோட எடை நம்ம மொத்த எடைல ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு. 54 கிலோ ஆளுக்கு ஒரு கால் மட்டுமே 9 கிலோ வரும். அத அந்தரத்துல தூக்கிப்புடிக்கணும்னா இடுப்ப சுத்தி இருக்குற தசை எல்லாம் இறுகணும், தசை இறுகுனா பந்த கிண்ணத்துக்குள்ள அமுக்கும், தண்டையும் சேத்து தான் அமுக்கும். கால லேசா தரையில சாய்ச்சு வெச்சுட்டா அந்த 9 கிலோவ தரை தாங்கிக்கும், தசை தளந்துடும், மூட்டு மேல பாரம் கொறையும். அதனால தான் டாக்டருங்க கால தொட்டு நடக்க சொல்றாங்க. பாதம் முழுசா தரையில படணும், காலோட சொந்த எடை மட்டும் தரைக்கு போகணும், ஒடம்போட எடை கைங்க வழியா வாக்கருக்கு போகணும்.

ஜெர்மனில, பெர்லின்ல, சென்சார் வெச்ச செயற்கை மூட்ட பேஷன்ட்டுங்களுக்கு பொருத்தி உள்ள எவ்வளவு பாரம் வருதுன்னு நேரடியா அளந்திருக்காங்க. சாதாரணமா நடக்கும்போதே ஒடம்பு எடைய போல ரெண்டர மடங்கு கிட்ட வருது. தடுமாறி விழப்போயி சமாளிக்கும்போது அதுவே ஏழு எட்டு மடங்கு வரைக்கும் போயிருக்கு. இந்த கணக்க அந்த மகன்கிட்ட சொன்னேன், உங்க அம்மா தெரியாம ஒரு தடவ கால கொஞ்சம் அழுத்தி வெச்சுட்டா கூட பரவால்ல, இப்படி ஒத்த கால்ல குதிச்சு ஒரு தடவ தடுமாறுனா அது தான் கம்பிய அறுக்கும்னு. அது மட்டுமில்ல, அவங்க வலது முட்டில ஏற்கனவே தேய்மானம், நான் போறப்பவே முட்டி வீங்கியிருந்துச்சு, ரெண்டு தோளும் தொட முடியாத வலி.

கிலோ கணக்கு

சில பேர் கால் வெக்க சொல்லிக்குடுக்கும்போது அப்பளம் மேல வெக்குற மாதிரி வைங்கன்றாங்க. எனக்கு அது ஒப்பல, அப்படி சொன்னா பயந்துக்கினு பேஷன்ட் கால மறுபடியும் தூக்கிடுறாங்க. எடைய கண்ணுல காட்டணும். என் பைல எப்பவும் ஒரு முள்ளு வெச்ச எடை மெஷின் இருக்கும், டிஜிட்டல் வேணாம், அது ஒரு நம்பர புடிச்சுக்கிட்டு நின்னுடும், முள்ளு தான் அழுத்த அழுத்த ஏறி எறங்குறத காட்டும். எடது கால் மெஷின் மேல, வலது காலுக்கு கீழ அதே ஒசரத்துக்கு ஒரு பலக, ரெண்டு கையும் வாக்கர்ல. பலக வெக்கலன்னா இடுப்பு சாஞ்சு கணக்கே தப்பா வரும்.

டாக்டர் கிட்ட போன்ல கேட்டு 10 கிலோன்னு உறுதி பண்ணிக்கிட்டேன். சம்மரில கிலோ போடல. போட்டிருந்தா எவ்வளவோ நல்லா இருக்கும், இத படிக்கிற டாக்டருங்க யாராவது இருந்தா கை எடுத்து கேட்டுக்குறேன், ஆளோட எடைய பாத்து இத்தன கிலோ, எத்தன வாரம், அடுத்த எக்ஸ்ரே எப்போன்னு தமிழ்ல ஒரு வரி எழுதிடுங்க.

மெஷின பாத்துக்கினே 10 கிலோ வெக்க அந்த அம்மாவுக்கு சீக்கிரம் வந்துடுச்சு. கண்ண மூட சொன்னா முள்ளு 20 தாண்டி போகுது, இல்லன்னா 4ல நிக்குது. கண்ண மூடி வெச்சு, தொறந்து பாத்து, திரும்ப வெச்சுன்னு பண்ணப்பண்ண பாதத்துக்கே அந்த அளவு புடிபட்டுச்சு. ஆனா நின்ன எடத்துல வர்றது வேற, நடக்கும்போது வர்றது வேற, மெஷின்ல பழகுன பேஷன்ட்டுங்களே நடக்குறப்ப சொன்னத விட அதிகமா வெச்சுடுறாங்கன்னு ஆராய்ச்சிங்க சொல்லுது, வலி கொறைய கொறைய இன்னும் ஜாஸ்தியாகும். அதனால ஒவ்வொரு தடவ போறப்பவும் முதல் வேல மெஷின எடுத்து வெக்குறது தான். மூணாவது வாரம் வலி நல்லா கொறஞ்சப்ப அவங்களுக்கும் 18 கிலோ வரைக்கும் போச்சு, திரும்ப எறக்குனோம்.

நடை ரொம்ப எளிசு: வாக்கர் முன்னாடி, அப்புறம் ஆபரேஷன் பண்ண கால், அப்புறம் கைய அழுத்தி நல்ல கால், நல்ல கால் வாக்கர தாண்டக்கூடாது. வாக்கரோட கைப்புடி மணிக்கட்டு ரேகைக்கு நேரா இருக்கணும், இவங்களோடது ரெண்டு ஓட்ட ஒசரமா இருந்துச்சு, தோள் வலிக்கு பாதி காரணம் அது. அடியில ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா உடனே மாத்துங்க, பென்னாகரத்துல மெடிக்கல் கடையிலயே கெடைக்குது.

வீட்டுல மாத்துனது

பின்பக்கமா தொறந்த ஆபரேஷன்றதால மூட்டு நழுவாம இருக்க மூணு விஷயம் கூடாது: இடுப்ப 90 டிகிரிக்கு மேல மடக்குறது, கால கால் மேல போடுறது, பாதத்த உள்பக்கமா திருப்புறது. மூணும் ஒண்ணா சேந்தா தான் பெரிய ஆபத்து, மொத மூணு மாசத்துல தான் அதிகமா நழுவும். சொல்லிட்டு வர்றது ஒரு நிமிஷ வேல. நம்ம ஊரு வீட்டுல அத கடைபுடிக்கிறது தான் கஷ்டம்.

மொதல் பிரச்சன கயித்து கட்டில். ஆஸ்பத்திரில தரையில உக்காராதீங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க, அவங்களும் தரையில உக்காரல. ஆனா கட்டில் கயிறு தொங்கி நடுவுல குழியா இருக்கு, அதுல உக்காந்தா முட்டி இடுப்ப விட மேல போயிடுது, தரையில உக்காந்த அளவுக்கு இடுப்பு மடங்குது. நாலு காலுக்கு அடியிலயும் ஹாலோபிளாக் கல்லு வெச்சு ஒசத்தி, கயித்து மேல பிளைவுட் பலக போட்டு, அதுக்கு மேல மெத்த விரிச்சோம். உக்காந்தா முட்டிய விட இடுப்பு ஒரு நாலு வெரல் மேல இருக்கணும், அது தான் அளவு. சேருக்கு கை வெச்ச பிளாஸ்டிக் சேர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அப்ப தான் ஒசரமும் வரும், சேர் காலும் விரியாது. எழும்போது எடது கால முன்னாடி நீட்டி, சேர் கைய அழுத்தி எழணும், ஏன்னா உக்காந்து எழுற நேரத்துல மூட்டுக்கு வர்ற அழுத்தம் சாமானியமில்ல.

கக்கூஸ் வெளிய, அதுவும் இந்தியன் டைப். வாக்கரோட சாணி மொழுகுன வாசல தாண்டி, கோழி குஞ்சு ஓடுற எடத்துல, ரெண்டு படி எறங்கி போறது ஆறு வாரத்துக்கு வேணவே வேணாம்னு கமோடு சேர் வாங்க சொன்னேன். அந்த அம்மா அழுதுட்டாங்க. சாமி படம் இருக்குற வீட்டுக்குள்ள எப்படின்னு. இது பிடிவாதம் இல்ல, அந்த வீடே ஒரே ரூம், அடுப்பும் அங்க தான் இருக்கு. திண்ணையோட ஒரு ஓரத்துல தென்னங்கீத்துல மறைப்பு கட்டி அங்க கமோடு சேர போட்டுட்டார் மகன், திண்ணையும் ரூமும் ஒரே மட்டம், படி இல்ல. அன்னைக்கே பிரச்சன தீந்துச்சு. கமோடு சேர் வாங்கி குடுத்தும் பேஷன்ட் உபயோகிக்காம தண்ணி குடிக்கிறத கொறச்சு, மலச்சிக்கல் ஆகி, முக்கி முக்கி கஷ்டப்படுறத நெறைய வீட்டுல பாக்குறேன். எங்க வெக்கலாம்னு பேஷன்ட்டயே கேளுங்க.

சாப்பாட்டு தட்டு ஸ்டூல் மேல வந்துச்சு. கீழ விழுந்தத குனிஞ்சு எடுக்கக்கூடாது, நழுவுற கேஸ்ல நெறைய இப்படி உக்காந்த வாக்குல தரையில எட்டி எடுக்குறப்ப தான். கால் வெரல் மெட்டிய சரி பண்ணக்கூட மருமகள தான் கூப்புடணும்னு சொல்லிட்டேன்.

பத்தியம் பத்தி சண்டையே நடந்துச்சு. தையல் போட்ட ஒடம்பு, முட்ட கூடாது, பருப்பு கூடாது, கறி கூடாது, புண்ணு சீழ் புடிக்கும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொல்லி ரசம் சோறு மட்டும் போட்டுக்கினு இருந்தாங்க. எலும்பும் தசையும் வளர புரதம் வேணும். கேவுரு களி தாராளமா சாப்பிடலாம், சுண்ணாம்பு சத்து அரிசிய விட பல மடங்கு, கூட கொள்ளு கடையல், தெனம் முட்டன்னு மருமக தான் பொறுப்பெடுத்து மாத்துனாங்க. இன்னொரு சித்தப்பா எண்ண போட்டு கால நீவி விடணும்னு ஆளயே கூட்டியாந்துட்டார். ஆறாத தையல் மேல எண்ண படக்கூடாது, அத விட முக்கியம் கெண்டக்கால நீவக்கூடாது, உள்ள ரத்தக்கட்டி இருந்தா நீவுறதுல அது நவுந்து நுரையீரலுக்கு போயிடும், உசிருக்கே ஆபத்து.

அந்த பயம் சும்மா இல்ல. நாலாவது வாரம் மருமக போன் பண்ணி எடது கெண்டக்கால் வீங்கி சூடா இருக்குன்னாங்க. விசாரிச்சா ரத்தம் உறையாம இருக்க குடுத்த மாத்திர தீந்து போயி ஒரு வாரமா போடல. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த மாத்திரய ஒரு மாசத்துக்கு மேல கூட போட சொல்லுவாங்க, டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் நிறுத்தக்கூடாது. அன்னைக்கே தர்மபுரி கூட்டிட்டு போயி டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க, கட்டி இல்ல, டாக்டர் மாத்திரய தொடர சொன்னார். வீக்கத்தோட திடீர்னு மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ ஸ்கேன் அது இதுன்னு யோசிக்காம 108 கூப்புடணும்.

இந்த ஆறு வாரத்துல பயிற்சின்னு பெருசா ஒண்ணும் இல்ல, கணுக்கால ஆட்டுறது, தொடய இறுக்கி விடுறது, பிட்டத்த இறுக்கி விடுறது, படுத்துக்கினு குதிகால நழுவவிட்டு முட்டிய மடக்குறது, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தடவ. கால முட்டி மடக்காம நேரா மேல தூக்குற பயிற்சிய வேணும்னே குடுக்கல, மேல சொன்ன அதே காரணம், கால அந்தரத்துல தூக்குனா தசை இறுகி மூட்ட அமுக்கும்.

தனியா பிசியோ வெக்க வசதி இல்லாதவங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறாங்க, காசு இல்ல. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் அந்த திட்டத்தயே தொடங்குனாங்க.

ஆறு வாரத்துக்கு அப்புறம்

எக்ஸ்ரேல கம்பி எடம் மாறல, தண்டு கீழ எறங்கல. டாக்டர் பாதி எடை வெக்கலாம்னார், அதாவது 27 கிலோ. இப்ப பிரச்சன தலகீழா ஆச்சு. மெஷின்ல ஏத்தி நிக்க வெச்சா முள்ளு 12ஐ தாண்டல. "ஒடஞ்சுடும் கண்ணு, எனக்கு உள்ள கம்பி நவுற மாதிரி இருக்கு"ன்றாங்க. ஆறு வாரம் வெக்காத வெக்காதன்னு வீடே சொன்ன காலு, இனிமே வைன்னா எப்படி வரும். அந்த எக்ஸ்ரேவ ஜன்னல்ல புடிச்சு, ஆபரேஷன் அன்னைக்கு எடுத்ததையும் பக்கத்துல புடிச்சு, கம்பி ரெண்டும் அதே எடத்துல இருக்குறத அவங்க வெரலயே வெச்சு காட்டுனேன். அப்புறம் தான் கொஞ்சம் கொஞ்சமா 15, 20ன்னு ஏறுச்சு. சில வாரத்துக்கு அப்புறம் டாக்டர் முக்கா பங்கு வரைக்கும் விட்டார், 12 வாரத்துல முழு எடை.

நடுவுல எடது கால் நீளமாயிடுச்சுன்னு ஒரே பொலம்பல். அளந்து பாத்தா ரெண்டும் சமம் தான், இடுப்பு தசை இறுகி ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. செருப்புக்கு அட்ட வெக்க வேணாம், தசை சரியாகட்டும்னு சொன்னேன், ரெண்டு மாசத்துல அந்த பேச்சே நின்னு போச்சு.

வாக்கர்ல இருந்து தடிக்கு மாறுனப்ப மகன் எடது கைல குடுத்தார், எல்லாரும் அப்படி தான் குடுக்குறாங்க. வலது கைல புடிக்கணும். எடது கால்ல நிக்கும்போது இடுப்பு வலது பக்கம் சரியாம தாங்குறது எடது பக்க தசை, அந்த தசையோட இழுப்பு தான் மூட்டு பாரத்துல பெரும்பங்கு. தடி வலது கைல இருந்தா அந்த சரிவ தடி தாங்கும், தசைக்கும் மூட்டுக்கும் வேல கொறையும். எடது கைல இருந்தா அந்த ஒதவி கெடைக்காது, தடி மேல சாஞ்சு நடக்குற பழக்கம் தான் வரும்.

12 வாரத்துல சேர்ல இருந்து எழுந்து மூணு மீட்டர் போயி திரும்பி வந்து உக்கார 24 செகண்ட் ஆச்சு, ஆறு மாசத்துல 14 செகண்ட். நடக்கும்போது லேசான சாய்வு இன்னும் இருக்கு, அதுக்கு பக்கவாட்டுல கால் தூக்குற பயிற்சி இப்பவும் போகுது.

பால் கறக்குறது இனி இல்லன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஒசரமான ஸ்டூல் போட்டு பாத்தோம், ஸ்டூல் ஒசந்தா மடிக்கு எட்ட குனியணும், அப்பவும் இடுப்பு 90 டிகிரிய தாண்டுது. கறக்குறது மருமக, தீவனம் போடுறதும் தண்ணி காட்டுறதும் இவங்க. கொட்டாய் தரையில சொரசொரப்பா சிமென்ட் போட்டாச்சு. புளி தட்டுற கல்ல பெஞ்சு மேல தூக்கி வெச்சுட்டாங்க, இந்த சீசனுக்கு சேர்ல உக்காந்தே தட்டுனாங்க, முன்ன மாதிரி வேகம் இல்லன்னு அவங்களுக்கு வருத்தம் தான். எலும்பு சத்து பரிசோதன பண்ணி வைட்டமின் டி கொறச்சலா இருந்ததுக்கு மருந்து ஓடுது, வலது இடுப்பும் அதே தண்ணி குடிச்ச எலும்பு தான்றதால விழாம இருக்குறது தான் இப்ப முக்கியம். அடுத்த எக்ஸ்ரே ஒரு வருஷம் முடியறப்ப. கம்பிய எப்ப எடுப்பாங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க, தொந்தரவு குடுக்காத வரைக்கும் அது உள்ளயே இருக்கலாம், எடுக்க வேண்டியது இல்ல.